கடற்கரை ஜோனும் நல்ல ஜோன்தான்

ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும் அண்ணாச்சி. வெயில் என்னை ஒண்ணும் செய்யாது, காலமெல்லாம் கிரவுண்டுல நின்ன உடம்பு. இந்தப் பையை மட்டும் காலுக்கு நடுவுல வச்சுக்கிடுதேன். உள்ள அல்வா இருக்கு, நசுங்கிரக் கூடாது. கல்யாணப் பத்திரிகையும் இருக்கு, அது கசங்கிரக் கூடாது. நீங்களும் தூத்துக்குடிதானா? அப்போ நல்லதாப் போச்சு. யார்கிட்டயாவது சொல்லிப் பாக்கணும்னு இருந்தேன். வீட்டுல சொன்னா சண்டை வருது, காலேஜுல சொன்னா சிரிக்கானுவ. உங்களைப் பாத்தா நடுநிலையான ஆளு மாதிரித் தெரியுது.

எம்பேரு தனிஸ்லாஸ். பாளையங்கோட்டையில ஒரு காலேஜுல பி.டி.யா இருக்கேன். பிசிக்கல் டைரக்டர். பள்ளிக்கூடத்துல இருக்கிற பி.டி. மாஸ்டர் இல்ல, அவரு வேற, நான் வேற. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அது எங்க தலையெழுத்து. இப்ப நான் பாக்கப் போறது என் மச்சானை. வீட்டுக்காரி பிலோமிக்கு மூத்த அண்ணன், கொரைரான்னு பேரு. அவரும் பி.டி.தான், தூத்துக்குடியில கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு காலேஜுல. ஒரு குடும்பத்துல ரெண்டு பி.டி. இருக்கக் கூடாது அண்ணாச்சி. ஒரு கிரவுண்டுல ரெண்டு ரெஃப்ரி நின்னு விசில் அடிச்ச மாதிரி ஆயிரும்.

விஷயம் இதுதான். வார மாசம் என் மவ ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். எங்க வழக்கத்துல, பொண்ணு வீட்டை விட்டுக் கோயிலுக்குக் கிளம்பும்போது மொத மாலையைத் தாய்மாமன் போடணும். அந்த மாலை விழாம பொண்ணு படி இறங்க மாட்டா. அவளுக்கு இருக்கிறது ஒரே ஒரு தாய்மாமன். அந்த மனுசன், மாப்ளன்னா அவருக்கு நான்தான், மாப்ள எங்க வீட்டு வாசல்ல வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்பதான் வருவேன்னு சொல்லிட்டு உக்காந்திருக்காரு. என்ன வார்த்தை தெரியுமா? 'உங்க ஜோன்தான் நல்ல ஜோன்.' இவ்வளவுதான்.

சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நானும் சொல்லத்தான் கிளம்பியிருக்கேன். ஆனா லேசா ஒரு மாத்தம் பண்ணியிருக்கேன். 'உங்க ஜோனும் நல்ல ஜோன்தான்.' கேக்கதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரித்தானே இருக்கு? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல, வல்லநாடே இன்னும் வரல.

ஜோன்னா என்னன்னு சொல்லிருதேன். எங்க யுனிவர்சிட்டியில ஃபுட்பாலுக்காக காலேஜையெல்லாம் நாலு ஜோனாப் பிரிச்சு வச்சிருக்கு. பாளையங்கோட்டை, திருநெல்வேலி சுத்துப்பட்டு எல்லாம் டவுன் ஜோன், அது நாங்க. தூத்துக்குடியில இருந்து கரையோரமா உள்ளதெல்லாம் கடற்கரை ஜோன், அது மச்சான். மேற்க தென்காசிப் பக்கம் மலையடிவாரத்துக்கு ஒண்ணு, தெக்க நாகர்கோயிலுக்கு ஒண்ணு. ஒவ்வொரு ஜோன்லயும் மொதல்ல வார டீம் நாலும் கடைசியில மோதிக்கிடும். இதுல எந்த ஜோன் ஒசத்தின்னு நானும் மச்சானும் பேசாத விசேஷ வீடு கிடையாது. பிலோமியோட சின்னம்மா அடக்கத்துக்குப் போயிருந்தோம். குழியில மண்ணைப் போட்டுட்டுக் கையைத் தட்டுதாரு, தட்டின கையோட எங்கிட்ட குனிஞ்சு, இந்த வருசம் உங்க ஜோன்ல எத்தனை டீம் தேறும் மாப்ளன்னு கேக்காரு. நான் அழுதுட்டு இருக்கேன், இருந்தாலும் பதில் சொல்லாம இருக்க முடியுமா?

நான் பாரபட்சம் பாக்காத ஆளு. அவங்க ஜோனுக்கு உள்ள நல்லதை மொதல்ல சொல்லிருதேன். கடற்கரைப் பயலுவ மணல்ல ஓடி வளந்தவனுவ. மணல்ல ஓடினவனுக்குப் புல்லுல ஓடுதது லேசுலா, மூச்சு இளைக்காது. தோளைக் குடுத்துத் தள்ளினாலும் விழ மாட்டான். கெட்டதையும் சொல்லணும்லா. ஷூ வாங்கிக் குடுத்தா அதைக் கழட்டி எறிஞ்சிட்டு வெறுங்காலோட ஆடுவான். ஜெர்சியை உள்ள சொருகுன்னா மொறைப்பான். ரெஃப்ரி விசில் அடிச்சா, எதுக்கு அடிச்சீருன்னு கிட்ட போயிக் கேப்பான். எல்லாத்துக்கும் மேல அது காத்தை நம்பி இருக்கிற டீம். கச்சான்னு மேற்க இருந்து வார காத்து வீசுத காலத்துல மீன்பிடி போட்டு கடலுக்குப் போவாது, எல்லாவனும் கிரவுண்டுல நிப்பான். காத்து அடங்கிச்சுன்னா பாதிப் பேரு அப்பன் கூட, அண்ணன் கூட கடலுக்குப் போயிருவான். காத்தைப் பாத்து ஆடுதவனை ஒரு டீம்னு சொல்ல முடியுமா? இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னால வரும்.

மலையடிவாரத்துக்காரனுவ பந்தைக் கொஞ்சிக் கொஞ்சி ஆடுவானுவ. சாரல்லயும் சகதியிலயும் பழகினவனுவ, தரை ஈரமா இருந்தா அவனுவளைப் பிடிக்க முடியாது. ஆனா வெயில் சுள்ளுன்னு அடிச்சா மரத்தடியைத் தேடுவான். சாப்பாட்டு ஆசையும் ஜாஸ்தி, பரோட்டாக் கடையைக் கண்டா அவங்க வேன் தானா நிக்கும். நாகர்கோயில்காரன் நல்ல வளத்தி, தலையால முட்டினா கிட்ட நிக்க முடியாது, கேரளாவுல இருந்து கோச்செல்லாம் கொண்டாந்து வச்சிருக்கான். அங்க என்ன கோளாறுன்னா பதினொரு பேரும் கேப்டன். ஒருத்தன் கால்ல பந்து இருந்தா பத்துப் பேரு யோசனை சொல்லுவான். யோசனை முடியதுக்குள்ள பந்து போயிரும்.

இப்ப எங்க டவுன் ஜோனுக்கு வாரேன். எங்ககிட்ட உள்ளது ஒழுக்கம். எல்லாவனும் ஷூ போட்டிருப்பான், லேஸ் கட்டியிருப்பான், ஐ.டி. கார்டு கழுத்துல கிடக்கும். ஜெர்சியைத் தேச்சுப் போட்டிருப்பான். காலைல மேட்ச்னா விடியும்போதே வந்து நிப்பான். ரெஃப்ரியை சார்னு கூப்பிடுவான், கீழ விழுந்தா அவனை விழ வச்சவன்கிட்டயே சாரி கேப்பான். குறை என்னன்னு கேப்பீங்க. நானும் நடுநிலையா நின்னு யோசிச்சுப் பாத்தேன், பெருசா ஒண்ணும் தெரியல. கோல் அடிக்க மாட்டானுவ, அது ஒண்ணுதான்.

ஆனா கோல் வாங்கவும் மாட்டோம் அண்ணாச்சி. இந்த வருசத்து ரெக்கார்டைக் கேளுங்க. ஃபைனல் வரைக்கும் எங்க வலையில ஒரு பந்து விழல. மத்த ஜோன்ல எவனாவது இப்படி வந்திருக்கானா? எப்படி வந்தீருன்னு மச்சான் கேட்டாரு. கேக்கிற விதம்னு ஒண்ணு இருக்குல்லா, அந்த விதத்துல கேட்டாரு. இதுல ஒளிக்க என்ன இருக்கு. ஜோன்ல மொத ரவுண்டு எங்களுக்கு பை. பைன்னா மேட்ச் ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போவது. ரெண்டாவது ரவுண்டுல எதிர் காலேஜுக்காரன் டீமே போடல. ஜோன் ஃபைனலுக்கு வந்த டீம்ல ஆறு பேர்தான் இருந்தான். ஏழு பேராவது வேணும்னு ரூல் இருக்கு, அதனால அதுவும் எங்களுக்கு வாக்கோவர். நம்மளைப் பாத்துப் பயந்துதானே இவனுவ வரல? அதை ஜெயிச்ச கணக்குல சேக்கக் கூடாதுன்னா எப்படி?

எங்க பிரின்சிபால் ஃபாதர்கிட்ட சந்தோசமாப் போயி, ஃபாதர் நமக்கு பை கிடைச்சிருக்குன்னு சொன்னேன். அவரு தமிழ் வாத்தியாரா இருந்து பிரின்சிபால் ஆனவரு. எத்தனை பைன்னு கேட்டாரு. ஒண்ணுதான்னு சொன்னேன். பதினொரு பேருக்கு ஒரு பையை வச்சு என்ன செய்யதுன்னு கவலைப்பட்டாரு. மறுநாள் காலைல பிரேயர்ல, நம்ம ஃபுட்பால் டீம் ஒரு பை ஜெயிச்சு வந்திருக்கு, எல்லாரும் கை தட்டுங்கன்னுட்டாரு. எல்லாவனும் தட்டினான். நான் விளக்கம் சொல்லப் போவல. எங்க டிபார்ட்மெண்டுக்குக் கை தட்டுதவன் யாரு இருக்கான்?

நாலு ஜோன் மோதுத போட்டி இந்தத் தடவை எங்க கிரவுண்டுல நடந்துது, நடத்துத பொறுப்பு நான். செமி ஃபைனல் மலையடிவாரத்துக்கும் எங்களுக்கும். நேரம் ஆச்சு, அவங்க வேனைக் காணல. ரூல்படி அரை மணி நேரம் பொறுக்கணும். வாட்சைக் கையில கழட்டி வச்சுக்கிட்டுப் பொறுத்தேன். சொன்னேன்லா பரோட்டாக் கடைன்னு, ஆலங்குளத்துல நிறுத்திட்டானுவ. வேன் காலேஜ் கேட்டுக்குள்ள திரும்பவும் நான் விசில் அடிக்கவும் சரியா இருந்துது. அவங்க பி.டி. ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஆடிப் பாத்துருவோம் சார்னு கெஞ்சுதாரு. கையெல்லாம் சால்னா வாசம். நான் என்ன செய்ய, ரூல் ரூல்தான். எங்க பயலுவ ஒரு துளி வேர்வை இல்லாம, தேச்ச ஜெர்சி கலையாம ஃபைனலுக்கு வந்துட்டானுவ. மத்த செமி ஃபைனல்ல மச்சான் டீம் நாகர்கோயிலை மூணுக்கு ரெண்டுன்னு முடிச்சுது. ரெண்டு கோல் வாங்கியிருக்கு, பாத்துக்கோங்க.

மறுநாள் ஃபைனல். அன்னைக்குப் பாத்து கச்சான் பேயா அடிக்குது. கார்னர்ல நட்ட கொடி நிக்க மாட்டேங்குது. இந்தக் காத்துல ஒரு போட்டும் கடலுக்குப் போயிருக்காது, அப்போ மச்சான் டீம்ல ஒருத்தன் பாக்கி இல்லாம வந்து இறங்குவான். எனக்கு அது ஞாபகத்துக்கு வந்துதுன்னு சொல்ல வரல. ஆனா போட்டி நடத்துதவனுக்கு ஒரு பொறுப்பு இருக்குல்லா. காலைல கிரவுண்டைச் சுத்தி வந்தேன், ஒரு மூலையில பள்ளம் மாதிரித் தெரிஞ்சுது. பிள்ளைய கால் பிசகிரக் கூடாது. செம்மண் அடிச்சு நெரவணும், ஒரு வாரம் தள்ளி வைப்போம்னு மச்சானுக்குப் போன் போட்டேன். பள்ளமா காத்தா மாப்ளன்னு கேட்டாரு. பள்ளம்தான்னு சொன்னேன். அந்த வாரம் பூரா நான் ரேடியோவுல மீனவருக்குச் சொல்லுத வானிலையைக் கேட்டேன்னு பிலோமி ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருக்கா. பொது அறிவுக்குக் கேட்டேன் அண்ணாச்சி.

ஒரு வாரத்துல பள்ளம் சரியாச்சு. காத்தும் அடங்கிச்சு.

மச்சான் எட்டுப் பேரோட வந்து இறங்கினாரு. மிச்சப் பேரு கடல்ல. வந்த எட்டுல ரெண்டு பேரு விடியக் காலம் கரைக்கு வந்து, வலையைப் போட்டுட்டு நேரா வேன்ல ஏறினவனுவ. ஒருத்தன் கால் சட்டையில மீன் செதில் மினுங்குது. ஏழு பேரு இருந்தாப் போதும், ஆடலாம்னு ரூல் இருக்கே. அந்த ரூல் எனக்குப் பிடிக்கும், இருந்தாலும் அன்னைக்குக் கொஞ்சம் இடிச்சுது. எங்க பக்கம் பதினொண்ணு. ஷூ, லேஸ், ஐ.டி. கார்டு. மைக்ல வர்ணனை நான்தான், கைவசம் வேற ஆளு இல்ல.

நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். அந்த எட்டுப் பயலுவ ஓடின ஓட்டத்தை நான் மறைக்கல. அங்க பாத்தா அவன், இங்க பாத்தாலும் அவன். நம்ம பயலுவ ரோட்டைக் கடக்கிறவன் மாதிரி ரெண்டு பக்கமும் பாத்துட்டு நிக்கான். ஆனா பந்து உள்ள போவணும்லா? போஸ்டுல பட்டுது, மேல போச்சு, எங்க கோல்கீப்பர் மூஞ்சியில பட்டுத் திரும்பிச்சு. கோல் விழல. முடியப் போற நேரத்துல ஒரு கார்னர். எங்க பேக் ஆடுத பையன் ஒருத்தன் உண்டு, பி.காம். படிக்கான், தங்கமான பையன், ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஒரு நாள் தவற மாட்டான். வந்த பந்தை வெளிய தள்ளணும்னு நினைச்சு ஓங்கி ஒரு ஒதை விட்டான் பாருங்க, அப்படி ஒரு ஷாட்டை எங்க காலேஜுல நான் பாத்ததே இல்ல. நேரா எங்க வலைக்குள்ளயே போயி விழுந்துச்சு. சேம் சைடு கோல். மைக்ல நான் கோல்னு கத்திட்டேன். வருசக் கணக்கா உள்ள அடங்கிக் கிடந்த கத்து, என்னைக் கேக்காம வெளிய வந்துட்டு. கத்தி முடிச்ச பொறவுதான் எந்தப் பக்கம்னு பாத்தேன்.

ஒண்ணுக்கு சைபர். கப் அவங்களுக்கு. சரி, இல்லைங்கல. இப்ப நீங்க நடுநிலையா யோசிச்சுப் பாருங்க. அந்த மேட்ச்ல விழுந்தது ஒரே ஒரு கோல். அதை அடிச்சது யாரு? எங்க பையன். கடற்கரைக்காரன் ஒருத்தனாவது அடிச்சானா? ஃபைனல்ல கோல் போட்ட ஒரே ஜோன் எங்க ஜோன். இதைத்தான் பரிசளிப்புல மைக்ல சொன்னேன், கப் வாங்கினது கடற்கரை ஜோன், கோல் அடிச்சது டவுன் ஜோன்னு. தமாசுக்குத்தான் சொன்னேன். கிரவுண்டே சிரிச்சுது. பிரின்சிபால் ஃபாதர் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

மச்சான் சிரிக்கல. வாங்கின கப்பை மேசை மேல திரும்ப வச்சாரு. கத்தல, கையை ஓங்கல. எங்கிட்ட வந்து மெதுவாச் சொன்னாரு.

"என்னைச் சொல்லும் மாப்ள, கேட்டுக்கிடுதேன். பச்சத் தண்ணி குடிக்காம வந்து ஆடியிருக்கானுவ எட்டுப் பேரும். அவனுவளைச் சொல்லிட்டீரு. இனி எங்க வாசல்ல வந்து நின்னு, உங்க ஜோன்தான் நல்ல ஜோன்னு உம்ம வாயால சொல்லும். அப்ப உம்ம வீட்டுப் படி ஏறுதேன்."

சொல்லிட்டுக் கப்பை அங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு. அது இப்பவும் எங்க ரூம்லதான் இருக்கு, அலமாரி மேல. பாக்கவங்க நம்ம காலேஜ் ஜெயிச்சதுன்னு நினைக்காங்க. நான் ஒண்ணும் சொல்லதில்ல.

அதுக்கப்புறம்தான் ஜெனிட்டாவுக்குச் சம்பந்தம் கூடி வந்துச்சு. அன்னையில இருந்து பிலோமி போனும் கையுமா எனக்கும் அவ அண்ணனுக்கும் நடுவுல நிக்கா. நான் 'உம்' தாரேன்னு சொல்லி அனுப்புவேன், அவரு 'தான்' வேணும்னு திருப்பி அனுப்புவாரு. ஒரு 'தான்' போட்டா உங்க நாக்கு தேஞ்சிருமான்னு பிலோமி கேக்கா. அவளுக்குப் புரியல. 'உங்க ஜோன்தான் நல்ல ஜோன்'னா என்ன அர்த்தம்? என் ஜோன் ஆகாத ஜோன்னு அர்த்தம். 'உம்' போட்டா பந்தியில எல்லாருக்கும் இடம் உண்டு. 'தான்' போட்டா ஒருத்தன் சாப்பிடுவான், மத்தவன் எழுந்து போவணும். என் ஜோன்ல இருக்கிற அத்தனை காலேஜையும், தேச்ச ஜெர்சியையும், லேஸ் கட்டின ஷூவையும், ஒரு வார்த்தையில எழுப்பி விட்டுரச் சொல்லுதா.

எதுக்கும் கேட்டு வைப்போம்னு தமிழ் டிபார்ட்மெண்டுல போயி விசாரிச்சேன். அங்க உள்ள வாத்தியாரு நல்ல மனுசன், சார் நீங்க போட்டிருக்கிற 'உம்' எச்ச உம்மை, மத்ததையும் சேத்துச் சொல்லுதது, தப்பே இல்லன்னு சொன்னாரு. இதை நான் வாயை வச்சுக்கிட்டு இருக்காம பிலோமிகிட்ட சொன்னேன். அவ அண்ணன்கிட்ட சொல்லிட்டா. எச்சமா, என் ஜோனுக்கு எச்சத்தையா குடுக்காருன்னு மனுசன் குதிச்சிட்டாராம். இலக்கணம் தெரியாதவங்ககிட்ட இலக்கணம் பேசக் கூடாது அண்ணாச்சி. அதான் நேர்ல போயி, முகத்தைப் பாத்து, அந்த 'உம்'மைக் கொஞ்சம் மெல்ல முழுங்கிச் சொல்லிப் பாப்போம்னு கிளம்பிட்டேன். அல்வா வேண்டாம்னு பிலோமி தலையால அடிச்சுக்கிட்டா. எங்கண்ணன் வாயைப் பத்தித் தெரியாதா, மாப்ள அல்வா குடுக்க வந்திருக்காருன்னு தெரு பூரா சொல்லுவாரேன்னா. பின்ன திருநெல்வேலியில இருந்து என்ன கொண்டு போவ? தூத்துக்குடிக்காரனுக்கு மக்ரூன் வாங்கிட்டுப் போவ முடியுமா?

வீட்டை விட்டு இறங்கும்போது ஜெனிட்டா வாசலுக்கு வந்தா. அவ எதுக்கும் சண்டை போடுத பிள்ளை இல்ல. சின்னப் பிள்ளையில லீவு விட்டா மாமா வீடுதான். அவ செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு மணல்ல பந்தை ஒதைக்கச் சொல்லிக் குடுத்தவரு அவருதான். நான் ஷூ வாங்கிக் குடுத்தேன், அதைப் போட மாட்டா. இன்னைக்கு என் சட்டைப் பையில பேனாவை நேரா வச்சு விட்டுட்டுக் கேட்டா: "அப்பா, கல்யாணத்துக்கு மாமாவும் வரணுமா, மாமாதான் வரணுமா?"

என்ன கேள்வி இது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுட்டு வந்துட்டேன்.

அது ஒண்ணும் பெரிய கேள்வி இல்ல. சும்மா கேட்டிருப்பா. வல்லநாட்டுப் பாலத்துல வரும்போது ஏனோ ஞாபகம் வந்துச்சு, உங்ககிட்ட சொல்லல. இருங்க, போன் அடிக்குது. பிலோமிதான். பாருங்க, போயிச் சேருததுக்குள்ள 'தான்' 'தான்'னு ஆரம்பிச்சிருவா.

ஆங், சொல்லு. வாகைக்குளம் தாண்டியாச்சு. யாரு? எங்க, நம்ம வீட்டுலயா? எப்ப? நல்லாக் கேட்டியா, அவருதானா? சரி, சரி. குடு அவர்கிட்ட.

அண்ணாச்சி, மச்சான் எங்க வீட்டுல உக்காந்திருக்காராம். போனைக் குடுக்கப் போறா. கொஞ்சம் இருங்க. சொல்லுங்க மச்சான், தனிஸ்லாஸ்தான். ம். ம். என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க, பஸ்ஸுல சத்தமா இருக்கு. ம். கேட்டுது. மச்சான், ஜெனிட்டாவுக்கு நீங்கதான் மாலை போடணும். ஆமா. ஆமா. அந்த எட்டுப் பயலுவளும் வரணும், வேனே பிடிச்சு அனுப்புதேன். நீங்க எங்கயும் போவாதீங்க, சாப்பிடுங்க, இடியாப்பம் இருக்கும். நான் திரும்பி வாரேன்.

வச்சுட்டாரு. ஒரு நிமிசம் அண்ணாச்சி. தூசி விழுந்துட்டு கண்ணுல. ஜன்னலை லேசா அடைச்சிருங்க.

நான் பஸ் ஸ்டாண்டுல சீட்டு பாத்து நிக்கும்போதே அவரு அங்க வந்து இறங்கியிருக்காரு. இந்தப் பஸ்ஸுலயே கூட வந்திருப்பாரு, யாரு கண்டா, இதே சீட்டுல. போயி ஜெனிட்டாவை நிக்க வச்சு, மாலைக்கு அளவு பாக்க வந்தேன்னு சொல்லியிருக்காரு. மாலைக்கு அளவு பாக்கிறவனை எங்கயாவது கண்டிருக்கியளா? சரி, அதை விடுங்க. எங்கிட்ட போன்ல மொத வார்த்தையா என்ன சொன்னாரு தெரியுமா? 'மாப்ள, உங்க ஜோனும் நல்ல ஜோன்தான்.'

இது நான் சொல்ல வேண்டிய வசனம். ராத்திரியும் பகலும் உருப்போட்டு, அல்வாவும் வாங்கிட்டு வாரேன், அதை அப்படியே எடுத்து எனக்குச் சொல்லிட்டாரு. அதுல ஒண்ணு கவனிச்சியளா? 'உங்க ஜோனும்.' அது என்ன 'உம்'? போனாப் போவுதுன்னு பிச்சை போட்ட மாதிரி? கோலே வாங்காத ஜோனுக்கு 'உம்'மா? நான் சொன்னா அதுல ஒரு பெருந்தன்மை இருக்கும். அவரு வாயில இருந்து வந்தா சுருக்குன்னு குத்துது. திரும்பச் சொல்லுங்கன்னேன், அப்பவும் 'உம்'தான். சரி, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்னுதான் வாயைத் தொறந்தேன். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, என்ன வந்துச்சுன்னு கேட்டியளே. ஜோன் வரல. ஜெனிட்டா வந்து நின்னுட்டா.

அதைக் கேட்டுட்டு மச்சான் மெதுவாச் சொன்னாரு: "தான் போட்டுட்டீரு மாப்ள."

ஒமக்கு அது வராதுன்னு தெரிஞ்சுதான் நானே கிளம்பி வந்தேன்னு சொன்னாரு. எட்டுப் பேரையும் கூட்டிட்டு வாங்கன்னேன்லா, அதுக்கு, காத்து அடிச்சா வருவானுவங்காரு. அந்தக் குசும்பு மட்டும் போவல. அன்னைக்குக் காத்து அடிக்கணும் அண்ணாச்சி. நல்லா அடிக்கணும், ஒரு போட்டும் போவக் கூடாது.

கண்டக்டர், அடுத்து வார புதுக்கோட்டையில ஒரு ஆள் இறக்கம். ஆமா, தூத்துக்குடி டிக்கெட்தான், பரவாயில்ல. எதுத்தாப்புல வார பஸ்ஸுல ஏறி, காலேஜுக்குப் போயி அந்தக் கப்பை எடுத்துத் துடைச்சு, அதுக்குள்ள இந்த அல்வாவை வச்சு மச்சான் கையில குடுத்துருதேன். அல்வா குடுத்துட்டான்னு சொன்னாச் சொல்லிட்டுப் போறாரு. பத்திரிகை ஒண்ணு உங்களுக்குத் தாரேன், குடும்பத்தோட வந்துரணும்.

ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. மச்சான் இனி விசேஷ வீடு தவறாம, மாப்ள தன் வாயால தான்னு சொல்லிட்டாருன்னு பேசுவாரு. கல்யாணத்துல உங்களைப் பிடிச்சும் கேப்பாரு. நான் 'தான்' போட்டது ஆளுக்கு, ஜோனுக்கு இல்ல. ஜோனுக்கு இன்னைக்கும் 'உம்'தான். இந்தப் பஸ்ஸுல அதைக் காதால கேட்டது நீங்க ஒரு ஆளு. நீங்கதான் சாட்சி.